இடப் பக்கத்துப் பந்து

திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பாறசாலைத் தங்கபாய்க்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை.

அவள் சர்ச் உபதேசியார் மகள். ஆள் குள்ளம். பாஸ்கெட்பால் அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, தோதான இடத்தில் நிற்பவளுக்குக் கொடுப்பது அவள் வேலை. விடியுமுன்னே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு செம்மண் மைதானத்தில் இரண்டு கையாலும் தட்டிப் பழகுவாள். அவள் கொடுக்கும் பந்தை எல்லோரும் பிடித்தார்கள். நெய்யாற்றின்கரைப் பகவதி மட்டும் சிலதைப் பிடித்தாள், சிலதைக் கோட்டை விட்டாள். அணியிலேயே உயரமானவள், கூடையில் குறி தப்பாதவள். அவளுக்கு ஏன் இப்படி?

டிரில் டீச்சர் பிரேமகுமாரி காரணம் தேடவில்லை. "உனக்க பந்து கல்லு மாதிரி போவுது. கொஞ்ச நாள் வெளிய இரி" என்று தங்கபாயை உட்கார வைத்துவிட்டார்.

ஓண விடுமுறையில் தங்கபாய் பந்தும் கையுமாக பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் பகவதி வீட்டுக்குப் போனாள். பகவதியின் இடப் பக்கம் உட்கார்ந்து ஓணத்துக்கு வறுத்த நேந்திரங்காய் உப்பேரி இருந்த தட்டை நீட்டினாள். பகவதி எடுக்கவில்லை. தங்கபாய் எழுந்து வலப் பக்கம் போய் நீட்டினாள். உடனே கை வந்தது.

"எடி, இடது பக்கம் உனக்குக் காணாதா?"

பகவதிக்கு முகம் வெளுத்தது. கதவைச் சாத்தினாள். "சின்னதில காய்ச்சல் வந்து இடது கண்ணு போனதாக்கும். கல்யாணம் பேசிட்டு இருக்காவ. ஆருட்டயும் சொல்லாதே மக்கா."

"சொல்லமாட்டேன். பின்ன எப்பிடி கூடையில போடுத?"

"கூடை ஓடாதுல்லா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று மாலைவரை தென்னை மரத்தடியில் எறிந்தும் பிடித்தும் பார்த்தார்கள். இடப் பக்கம் கொடுக்கும் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தால், சத்தம் கேட்டுப் பகவதி திரும்பிவிடுகிறாள் என்று தங்கபாய் கண்டுபிடித்தாள். எவ்வளவு தூரத்தில் தட்டினால் சரியாக வரும் என்று இடம் மாற்றி மாற்றி நின்றாள்.

ஆனால் மிஷன் கல்லூரியோடு நடந்த ஆட்டத்திலும் டீச்சர் அவளை இறக்கவில்லை. அவளுக்குப் பதிலாக ஆடியவள் எறிந்த பந்து பகவதியின் கன்னத்திலேயே போய் அடித்தது. டீச்சரிடம் காரணத்தைச் சொல்ல எழுந்த தங்கபாய் திரும்பவும் உட்கார்ந்துகொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே.

இடைவேளையில் பகவதியே டீச்சர் முன்னால் போய் நின்றாள். "தங்கபாயை இறக்குங்கோ டீச்சர். பிழை பந்துல இல்ல. எனக்கு இடது கண்ணு காணாது."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ இறங்கு தங்கபாய்" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு பகவதி ஒரு பந்தையும் விடவில்லை. ஆட்டம் கடைசியில் ஒரு கூடை வித்தியாசத்தில் கைவிட்டுப் போனது. விஷயம் ஊருக்குத் தெரிந்து, பேசி வந்த கல்யாணமும் நின்றது. பகவதியின் அம்மா அழுதாள்; பகவதி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

மறு வருஷம் தங்கபாய் கேப்டன் ஆனாள். முதல் காரியமாகத் தன் இடது கண்ணைச் சேலைத் துணியால் கட்டிக்கொண்டு, பகவதியை எறியச் சொன்னாள். பந்து தோளில் பட்டு உருண்டது.

"இப்பிடியாடி இருக்கு உனக்கு?" என்றாள் வியந்துபோய். "இன்னொண்ணு எறி, பாப்போம்."