குண்டன் மேல் வீசிய மல்லிகை வாசனை

மைத்துனிக்குக் கண் ஆபரேஷன். துணைக்குக் கிளம்பிய என் மனைவி வாசலில் நின்று, "முயலுக்குத் தீனி போடுங்க, தண்ணி வைங்க. வேற எதுவும் செய்யாதீங்க" என்றாள்.

செய்யாதே என்றால் எனக்குக் கை அரிக்கும். அதிலும் நான் யார்? பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துப்புரவுப் பிரிவையே கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவன். என் காலத்தில் அந்தத் தரையில் ஒரு கிருமி கால் வைத்தால் வழுக்கி விழுந்து அங்கேயே அட்மிட் ஆகிவிடும்.

முயல்கள் இரண்டும் அவளுடைய செல்லங்கள். பெண்ணுக்கு மேனேஜர் என்று பெயர், நடை அப்படி. ஆண், குண்டன். அவனுக்கு வயதாகி ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. சொந்தப் புத்தி எப்போதுமே கிடையாது. மேனேஜர் தட்டில் வாய் வைத்தால்தான் அவனும் வைப்பான், அவள் படுத்தால் படுப்பான். மற்ற நேரமெல்லாம் மூலையில் ஒட்டிக்கொண்டு ஒன்றின் நெற்றியை ஒன்று நக்கிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் நெற்றியை... சரி, அதை விடுங்கள்.

மனைவி தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், நான் வாளியோடு நின்றேன். கூண்டைப் பினாயில் விட்டுத் தேய்த்தேன். படுக்கைத் துணிகளைக் கொதிக்க வைத்தேன். மல்லிகை வாசனை சோப்பு நுரையில் துண்டை முக்கிக் குண்டனை மூக்கு முதல் வால் வரை துடைத்துவிட்டேன். மேனேஜர் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேலதிகாரி ஆயிற்றே, வற்புறுத்தவில்லை.

அப்புறம் இரண்டையும் பளபளக்கும் கூண்டில் விட்டேன். மேனேஜர் குண்டனை ஒரு தடவை முகர்ந்தாள். அவ்வளவுதான்! பறந்த முடியில் ஊருக்கே தலையணை தைத்திருக்கலாம். விலக்கிவிடக் கையை நீட்டினேன், கட்டைவிரலில் ஒரே கடி. நான் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு காக்கைகூட இறங்கவில்லை. கடைசியில் துண்டைப் போட்டு அமுக்கி, குண்டனைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் காதோரம் ரத்தம். அதற்குப் பிறகு அவன் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் மனைவி திரும்பி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது?"

"நாறுதா? மணக்குதும்மா!"

"என்ன செஞ்சீங்க?"

கட்டைவிரலைக் காட்டி அனுதாபம் தேடினேன். அவள் நேரே குளியலறைக்குப் போனாள்.

கால்நடை டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். குண்டனை முகர்ந்து பார்த்தாள்.

"சார், இவருக்கு யாரு சோப்பு போட்டது?"

"லேசாத் துடைச்சேன், அவ்வளவுதான்."

"இவங்க ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறதே வாசனையிலதான் சார். கூண்டு வாசனையும் போச்சு, இவர் வாசனையும் போச்சு. அந்தம்மாவுக்கு இவர் யாரோ வழிப்போக்கர்."

"மறுபடி சேர்த்து விட்டுடலாமா?" என்றாள் மனைவி.

"இப்ப விட்டா காதே மிஞ்சாதும்மா. நடுவுல கம்பி வலை வைங்க. இவர் படுக்கைத் துணியை அவங்களுக்கும் அவங்களோடதை இவருக்கும் மாத்தி மாத்திப் போடுங்க. எதையும் கழுவாதீங்க." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள். "சேரலாம், சேராமலும் போகலாம். ஆனா இவர் தானா சாப்பிட ஆரம்பிக்கணும். முயலுக்குப் பட்டினி ஆகாது, குடல் நின்னு போயிடும்."

மேனேஜர் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுவான். பக்கத்தில் விட்டால் அவள் கிழித்துவிடுவாள். இதற்கு எந்த வாளியில் எந்த மருந்தைக் கலப்பது?

ஊசியில்லாத சிரிஞ்சில் தீவனக் கரைசலை எடுத்து மனைவி அவன் வாயோரம் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, மீதி அவள் புடவையில் வடிந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து, அவனுக்கு எதிரே கொத்தமல்லிக் கட்டை ஆட்டுக்கடா மாதிரி மென்று காட்டினேன்.

"போதுங்க. அவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"ஒரு வார்த்தை திட்டிடேன். மனசு ஆறும்."

"அதுக்கு இப்ப தெம்பில்லங்க."

அவள் திட்டாமல் இருந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

வலைக்கு இந்தப் பக்கம் குண்டன், அந்தப் பக்கம் மேனேஜர். நாங்கள் இருவரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் கொத்தமல்லியைக் கடித்தாள். பிறகு வலையருகே வந்து, குண்டனைப் பார்க்கப் பிடிக்காதவள் போலத் திரும்பி நின்று, தாராளமாக மூத்திரம் பெய்தாள்.

அது வலைக்கு அடியில் நுழைந்து, நான் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய தரையில் ஆறாக ஓடிவந்தது. என் கை தானாகவே துடைப்பத்தின் பக்கம் போயிற்று. மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா பாருங்க."

குண்டன் மூக்கை இறக்கினான். ஈரத்தை முகர்ந்தான். ரொம்ப நேரம் முகர்ந்தான். வலைக்கு அப்பால் மெல்லும் சத்தம் கேட்டது. அவன் தலை திரும்பியது. தட்டிலிருந்து ஒரு இலையை உருவி, வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு தாடை அசைந்தது.

"இன்னொண்ணு எடுப்பானா?" என்றேன் கிசுகிசுப்பாக.

"தெரியலங்க. சும்மா இருங்க."

அவள் என் கையை விடவில்லை. ஆறு நிதானமாக வந்து என் கால் கட்டைவிரலைத் தொட்டது. நான் காலைக்கூட நகர்த்தவில்லை.