ஐந்தாம் நிலைக்கு ஏறிவிட்ட பிஹ்லா

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கணவன் இல்மோவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தினமும் கணினியைத் திறந்து பிஹ்லாவுக்கு வைக்கோல் போட வேண்டும், அவ்வளவே. வேறு எதையும் தொடாதே என்று நான் சொல்லவே இல்லை என்கிறான் அவன். சொன்னேன் என்றுதான் எனக்கு நினைவு. இருபது வருடக் குடித்தனத்தில் இதெல்லாம் தீராத வழக்கு.

பிஹ்லா என் குதிரை. திரைக்குள் மட்டும் இருக்கிற பழுப்பு நிறக் குட்டைக் குதிரை. எங்கள் ஊர் கூஹ்மோவில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் சின்னதில் இப்படிக் குதிரை வைத்திருந்தவர்கள்தான். பள்ளி முடிந்ததும் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பகலில் பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாய்க்குள் விளக்கடிக்கிறேன், வீட்டுக்கு வந்தால் குதிரை வளர்க்கிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

போட்டியின் கணக்கு சுலபமானது. குதிரை பயிற்சியில் சேர்த்த புள்ளியோடு, போட்டி நடத்துபவர் அதற்குக் குலுக்கி எடுக்கும் எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு முதலிடம். முதல் மூன்று இடத்துக்குத்தான் மதிப்பு. ஒரே நிலையில் பத்து முறை அப்படி இடம் பிடித்தால் குதிரையின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வரும். ஆனால் பயிற்சிப் புள்ளி வரம்பைத் தாண்டினால் குதிரை தானாக அடுத்த நிலைக்கு ஏறிவிடும். பிறகு இறங்க முடியாது. அதுவரை பிடித்த இடங்களும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வரம்புக்கு மயிரிழை கீழே குதிரையைப் பிடித்து நிறுத்தி வைப்போம். அங்கே நிற்கும்வரை அதுதான் அந்த நிலையிலேயே பலசாலி. ஒரு படி ஏறிவிட்டால் அதுதான் சோனி.

பிஹ்லாவை நான்காம் நிலையில் அப்படித்தான் வருடக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்பது இடம் பிடித்தாயிற்று. இன்னும் ஒன்று போதும். இலையுதிர்காலத்தின் கடைசிப் போட்டி முடிந்தால் அதற்கு வயது முடிகிறது, போட்டிகளிலிருந்து ஓய்வு கொடுத்து மேய்ச்சலுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நட்சத்திரத்தை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேலை மாறியது, வீடு மாறியது, அம்மா போய்ச் சேர்ந்தாள். எல்லாவற்றிலும் கூட இருந்தது அந்தக் குதிரை. அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா?

அந்த நேரம் பார்த்து முதல் உறைபனியில் கடை வாசலில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். கயானி நகரில் அறுவை சிகிச்சை, பிறகு நடைப்பயிற்சி என்று நாட்கள் ஓடிவிட்டன. தாங்குகட்டைகளோடு வீடு திரும்பிய அன்றே பிஹ்லாவின் பெயரைக் கடைசிப் போட்டிக்குக் கொடுக்கப் போனேன். திரை மறுத்தது. இந்தக் குதிரை ஐந்தாம் நிலையில் இருக்கிறது என்றது.

இல்மோ சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சமையலறையில் மீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.

"இதை என்ன பண்ணே?"

"வைக்கோல் போட்டேன்."

"அப்புறம்?"

"பயிற்சின்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அதையும் அழுத்தினேன். தினமும்." பெருமையாக வேறு சொன்னான். "ஒரு நாள்கூட விடல."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நிலை, வரம்பு, நட்சத்திரம் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கியது. சூப் அடிப்பிடித்தது. பிறகு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதிரைக்காக அழுதேன்.

மறுநாள் காலை அவன் எங்கள் குதிரைச் சங்கத் தலைவியிடம் தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. தலைவி பின்யா, ரோவனியேமி நகரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற பெண். விதியில் கறார். கடைக்காரரிடம்கூடப் பேசத் தயங்குகிறவன், தன் மகள் வயதுப் பெண்ணிடம் என்னவெல்லாமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். தப்பு தன்னுடையது, தன் மனைவி ஹேதாவுடையது அல்ல என்றான். வைக்கோலை நிறுத்தினால் புள்ளி குறையுமா என்று கேட்டான். அந்தப் பெண் போட்ட போடில் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொன்னா?" என்றேன். முந்தின மாலைக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாருக்கும் தளர்த்தணுமாம். அப்புறம், குதிரையைப் பட்டினி போடறவன் மனுஷனே இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன், கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் போட்டிக்குப் பிஹ்லாவை ஐந்தாம் நிலையில்தான் விட்டேன். வேறு வழி? போட்டியாளர் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் நான் அண்ணாந்து பார்த்த குதிரைகள், பெரிய லாயங்களின் பெயர்கள். நடுவில் என் குட்டைக் குதிரையின் பெயர். வயிறு எரியும் என்று நினைத்திருந்தேன். கர்வமாக இருந்தது. இத்தனை வருடம் தோற்றுவிடக் கூடாதே என்று நான்தான் அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தேன். மேலே போக விட்டதே இல்லை.

இல்மோ காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூப்பிட்டால் வரலாம் என்கிற தூரத்தில் உட்கார்ந்தான். முடிவு வந்தது. பன்னிரண்டு குதிரைகளில் பிஹ்லா பதினொன்றாவது. குலுக்கலில் நல்ல எண்தான் விழுந்திருந்தது, ஆனாலும் போதவில்லை. அதற்குக் கீழேயே மேய்ச்சலுக்கு அனுப்பும் அறிவிப்பு. பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"ஒண்ணு நமக்குப் பின்னாடி நிக்குது" என்றான் இல்மோ மெதுவாக.

அவனைத் திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. கம்ப்யூட்டரைக் கண்டாலே உனக்கு ஆகாது. வைக்கோல் போட்டமா, மூடினமான்னு இல்லாம, தினமும் எதுக்கு அந்தப் பட்டனை அழுத்தினே?"

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அழுத்தினா, 'பிஹ்லா இன்று மகிழ்ச்சியாக இருக்கிறாள்'னு வரும். நீ இல்லாத வீட்ல யாராவது ஒருத்தர் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு அழுத்தினேன்."

இருபது வருடத்தில் இவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டதில்லை. கணினியை என் பக்கம் இழுத்து, மேய்ச்சலுக்குப் போகிற குதிரைக்கு ஒரு குட்டி பதிவு செய்துகொள்ளும் பக்கத்தைத் திறந்தேன். தாய் பிஹ்லா, ஐந்தாம் நிலை என்று அது தானாகவே நிரப்பிக்கொண்டது. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து அடித்தேன். குட்டி பூஜ்ய நிலையில் மெலிந்த காலோடு வந்து நின்றது.

அவன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். வைக்கோல் போட்டான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்ன பாக்கறே? பயிற்சியும் குடு" என்றேன்.