தவளைச் சத்தங்கள் இருந்த டிஸ்க்

…திரும்பவும் காணாமல் போய்விட்டது, இப்போதுதானே இருந்தது, பாதிகூட நகலெடுத்து முடியவில்லை, லினக்ஸ் திரையில் அதே வரிகள், டிஸ்க் துண்டிக்கப்பட்டது, டிஸ்க் இணைக்கப்பட்டது, போகும்போது ஒரு பெயர், வரும்போது வேறு பெயர், ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்கிறது… அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அலுவலகத்தில் சர்வர்களோடு மல்லுக்கட்டுவது போதாதென்று விடுப்பு எடுத்து வீட்டிலும் இதே பிழைப்பு, ஆனால் இது தம்பியின் டிஸ்க், சதுப்பு நிலங்களில் முழங்கால் சேற்றில் நின்று, அட்டைகளிடம் கடிபட்டு அவன் பதிவு செய்த தவளைச் சத்தமெல்லாம் இதில்தான், இது போனால் அவனுடைய ஆராய்ச்சியும் போச்சு, பட்டமும் போச்சு. இன்னொரு பிரதி எடுத்து வைக்கமாட்டானா ஒருவன்? கேட்கக்கூடாது, அம்மா ஃபோனிலேயே சொல்லிவிட்டாள், "அவனே நொந்துபோயிருக்கான், நீ வேற எதையாவது கேட்டு வைக்காத." நொந்துபோனவன் கூடத்து சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான், வந்ததிலிருந்து தூக்கம்தான், துக்கத்தில் சிலருக்கு அப்படியும் வரும்போல.

"மேசையிலேர்ந்து விழுந்துடுச்சுக்கா, அதோட அவ்வளவுதான்" என்று அவன் சொன்னபோது அவளும் நம்பித்தான் இருந்தாள், ஆனால் விழுந்து அடிபட்ட டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுமே, இது காதை வைத்துக் கேட்டாலும் சீராகச் சுழல்கிறது. கேபிளை மாற்றியாயிற்று, வேறு துளையில் செருகிப் பார்த்தாயிற்று, டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையை வாங்கிப் பார்த்தால் பழுதான இடம் ஒன்றுகூட இல்லை… அப்படியானால் யார் பொய் சொல்கிறார்கள்? நடுவில் இருப்பது அந்த அடாப்டர் சிப், டிஸ்க் பேசுவதை யுஎஸ்பிக்குப் புரியவைக்கும் இடைத்தரகர், பலகையிலேயே பற்றவைத்திருக்கிறார்கள், கழற்றவும் வழியில்லை. சின்னக் கோப்பு கேட்டால் சமர்த்தாகத் தருகிறது, பெரிதாகக் கேட்டால்தான் மயக்கம் போடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை கட்டளை வந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று லினக்ஸின் மூளையான கெர்னலிடம் பீற்றிக்கொள்கிறது, நம்பி அனுப்பினால் திக்குமுக்காடிப் படுத்துவிடுகிறது. அவள் பிரிவிலும் ஒருவர் உண்டு, எதைக் கேட்டாலும் "ஆயிடும் மேடம்", ஒருநாளும் ஆனதில்லை. அவருக்கு வேலையை ஒவ்வொன்றாகத்தான் கொடுக்கவேண்டும்… ஆமாம், ஒவ்வொன்றாக. சிப்பின் அடையாள எண்ணைத் தேடி எடுத்தாள், இந்த எண்ணுக்கு வேகமான வழி வேண்டாம், பழைய வழியிலேயே பேசு என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினாள், கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள், நகலெடுக்கச் சொன்னாள். ஆமை வேகம். ஆனால் போகிறது. வழக்கமாக விழும் இடத்தையும் தாண்டிப் போகிறது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், பிறகு மூச்சு விட்டாள், பிறகு துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் போய்க்கொண்டிருந்தது.

வந்து சேர்ந்த கோப்பு ஒன்றைத் திறந்து கேட்டாள், தவளைகள், மழை, மேலும் தவளைகள், கடைசியில் கருவியை அணைக்க மறந்துபோன தம்பியின் குரல், "போதும்டா சாமி." அவள் சிரித்துவிட்டாள், இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறானே பாவம், இனிமேல் கவலையில்லை, எழுந்ததும் சொன்னால் எப்படிக் குதிப்பான்… நகல் முடிந்து சற்று நேரத்தில் அவனே தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றான்.

"எல்லாம் வந்துடுச்சுடா. டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல, அந்த சிப்தான் படுத்தியிருக்கு."

அவன் திரையைப் பார்த்தான். "எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம."

"ஓ." கொடியில் கிடந்த துண்டை உருவினான். "அம்மாகிட்ட சொல்லிட்டியாக்கா?"

"இன்னும் இல்ல."

"சொல்லு" என்றான், "நான் முகம் கழுவிட்டு வரேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது, குழாய் திறந்த சத்தம், அப்புறம் வேறு சத்தமே இல்லை, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது… அதிர்ச்சியாக இருக்கும், சந்தோஷம் தாங்காமல் இருக்கும், அப்படியும் இருக்கலாம் அல்லவா? எல்லாமேவா என்று கேட்டானே, அது எந்தக் குரல்? தேர்வு தள்ளிப்போயிருக்கிறது என்று வந்த செய்தி பொய் என்று தெரிந்தவன் இப்படித்தான் கேட்பான். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியரிடம் எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டு வந்தானே, அன்று முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான், அவள் போய் அதைத் தூசி தட்டித் தூக்கிக்கொண்டு வந்து… ஃபோன் அடித்தது. அம்மா.

"என்னடி ஆச்சு, ஏதாவது கிடைக்குமா?"

திரையில் அத்தனை கோப்புகளும் வரிசையாக இருந்தன. குளியலறையில் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை.

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேம்மா" என்றாள், ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.