இயக்குநர், ஆண், சற்றே தேய்ந்தது

அந்தக் கோடையின் பதினேழாம் நாள் காலை, பூச்சியியல் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்திருந்த விளக்குப் பொறியில் நூற்று நாற்பத்திரண்டு அந்துப்பூச்சிகளும் துறையின் இயக்குநரும் அகப்பட்டிருந்தார்கள். வானம் தெளிவு, காற்று மேற்கிலிருந்து லேசாக, குறைந்தபட்ச வெப்பம் இருபத்தாறு டிகிரி. அன்றைய பதிவேட்டில் இவை எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. எந்த வரியிலும் எழுத்து கோணவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு உரியவள் துறையின் பதிவெழுத்தர். நாற்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் வலி, பன்னிரண்டாவது கோடையாக மாடியேறிக்கொண்டிருந்தாள். வேலை கேட்பதற்கு எளிது. ஒரு மரப்பெட்டி, அதன் தலையில் ஊதா கலந்த வெள்ளை விளக்கு, விளக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் புனல், பெட்டிக்குள் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். விளக்கைச் சுற்றிக் கிறுகிறுத்த அந்துகள் புனல் வழியே விழுந்து, முட்டை இருக்க வேண்டிய குழிகளில் ஆளுக்கொரு அறை பிடித்துத் தூங்கிவிடும். விடிந்ததும் அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எத்தனை என்று எண்ணி, ஆணா பெண்ணா, இறகு புதியதா தேய்ந்ததா என்று எழுதி, வெயில் ஏறுமுன் வடக்குப் பக்கத்துத் தொட்டிச் செடிகளின் நிழலில் எல்லாவற்றையும் விட்டுவிடுவாள். பெரும்பாலானவற்றுக்கு நூல்களில் வாயில் நுழையாத பெயர்கள்; அவள் தனக்குள் 'காப்பிக்கறை', 'கிழிந்த திரை', 'சின்ன மாமியார்' என்று வைத்திருந்தாள். சின்ன மாமியார் தொட்டதும் செத்தது போல விழுந்து கிடக்கும், பாவப்பட்டுக் கண்ணை எடுத்தால் பறந்துவிடும். இந்த வேலைக்கு ஒரே நிபந்தனை, விட்டுப்போகக் கூடாது என்பது. தொடர்ந்து மூன்று இரவு விளக்கு எரியாவிட்டால் அந்தக் கோடையே சேராது; தொடர் அறுந்துவிடும்; மறுபடி ஒன்றிலிருந்துதான். ஒரு டைபாய்டு, ஒரு நாத்தனார் கல்யாணம், கணவனின் கால் முறிவு ஆகியவற்றைத் தாண்டிப் பதினொரு கோடைகளை அவள் அறுக்காமல் கொண்டுவந்திருந்தாள். அவளிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இயக்குநர் வெளிச்சத்தை விட்டு விலகி நின்றதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எந்தப் புகைப்படத்திலும் விளக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர் இருப்பார். நூலகம் திறந்தால் இருப்பார், நீச்சல்குளம் திறந்தால் கோட்டோடு இருப்பார். மேடையில் பின்வரிசையில் உட்காரவைத்தால் நாற்காலி தானாக நகர்வது போல அரை மணியில் நடுவில் வந்து சேர்ந்துவிடும். ஒலிபெருக்கிக்காரர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் ஒயர் போடுவார்கள். கோடையில் விழாக்கள் கிடையாது. அரங்குகளைப் பூட்டி வெள்ளையடிப்பார்கள். இரண்டு வாரம் அவர் எப்படியோ தாக்குப்பிடித்தார். மூன்றாவது வாரம் ஊரில் எரிந்துகொண்டிருந்த ஒரே நல்ல விளக்கு அவருடைய அலுவலக மாடியிலேயே இருந்தது.

அன்று காலை நான்காவது அட்டையில், ஒரு காப்பிக்கறைக்கும் இரண்டு கிழிந்த திரைகளுக்கும் நடுவே, கட்டைவிரல் உயரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சாம்பல் கோட்டு, கழுத்தில் டை, கோட்டின் முதுகைக் கிழித்து வந்த பழுப்பு இறகுகள் கூரை போல மடிந்திருந்தன. கண்ணாடி சரியாக மூக்கில் இருந்தது. அவள் பென்சில் முனையால் அட்டையைத் தட்டினாள். விழித்தார், விழித்ததும் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் யாருன்னு தெரியுதா உனக்கு?" குரல் கொசு அளவுதான், தோரணை பழைய அளவு.

"தெரியுது சார். ஆனா தெரிஞ்சதா நான் எழுதக் கூடாதே."

இது குத்தல் அல்ல, விதி. மூன்று வருடம் முன்பு ஒரு துறைக் கூட்டத்தில் அவள் ஒரு அந்தின் பெயரைச் சொன்னாள். இயக்குநர் எழுந்து எல்லோர் முன்னாலும் அது தவறு என்று சொல்லி வேறொரு பெயரைச் சொன்னார். அவள் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. தெரிந்த மறுநாளே அவர் ஒன்பதாம் விதியை இயற்றினார்: எழுத்தர் தன் யூகத்தில் எதையும் புதிய இனமாக அடையாளம் காணக் கூடாது, புதிதாக வருவதைக் குப்பியில் இட்டு, குளிரில் வைத்து, இயக்குநரின் பார்வைக்கு அனுப்பி, அவர் கையெழுத்து வந்த பிறகே பெயர் எழுத வேண்டும். விதியைச் சட்டம் போட்டு மாடிப்படியில் மாட்டியும் வைத்தார். ஆகவே அவள் அவரை மூடியில் துளையிட்ட குப்பி ஒன்றில் இறக்கி, 'அடையாளம் உறுதியாகவில்லை' என்று சீட்டு ஒட்டி, முதல் மாடி ஃபிரிட்ஜில் ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிட்டு, குறிப்புத் தாளோடு இயக்குநரின் அறைக்குப் போய், அவர் வருகைக்காகக் காத்திருந்தாள். இயக்குநர் வரவில்லை. பதினொன்றரை வரை காத்திருந்தாள். கடமையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

இயக்குநரின் மனைவி வந்தார். பல் மருத்துவர், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர். "எங்கம்மா அவர்? ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னல் வழியாப் போனவர்."

"ஃபிரிட்ஜ்ல இருக்கார் மேடம். இரண்டாவது தட்டு."

மருத்துவர் போய் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தார். "நல்லதுதான், ஒரு நாளாவது பேசாம இருந்திருப்பார்" என்று சொல்லி, கைப்பையிலிருந்த பஞ்சில் அவரைச் சுற்றி, வராந்தா வெயிலில் வைத்தார். அந்துகள் பறக்கும் முன் உடம்பை உதறிச் சூடேற்றிக்கொள்ளும்; இயக்குநரும் கால் மணி நேரம் உதறி, பன்னிரண்டே கால் மணிக்கு முழு உயரத்தை அடைந்து, நேராகத் தன் அறைக்குப் போய், காத்திருந்த குறிப்புத் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எந்தத் தாளையும் அவர் அப்படித்தான் போடுவார். உறுதியான அடையாளத்தை அவள் பதிவேட்டில் ஏற்றினாள்: இயக்குநர், ஒன்று, ஆண், சற்றே தேய்ந்தது.

அவள் கணவன் வீடு வீடாகப் போய் மின்விசிறி பழுது பார்க்கிறவன். அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது, "பெண்ணுன்னு எழுதிடலையே? நல்லாப் பாத்தியா?" என்று கேட்டான்.

"சும்மா இருங்க. என் வேலைக்கே உலை வைக்கப்போறார் அந்த மனுஷன்."

"வைக்கட்டும். நாளைக்கு ஒரு முட்டை அட்டை கூடுதலா வை, பாவம், கால் நீட்டிப் படுக்கட்டும்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒன்பது நாட்களில் ஒன்பது பதிவுகள். விடியலில் நிழலில் விட்டால் ஒன்பதரைக்குள் ஆளாகி, மாடிப்படியில் இறங்கி, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிடுவார். உண்மையில் துறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் நேரத்துக்கு வேலைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். பத்தாவது நாள் அவர் எழுத்தரை அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார். வருட முடிவில் பதிவேடு அச்சாகும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும், தன் பெயர் பூச்சிகளோடு பூச்சியாக அதில் இருக்க முடியாது. "பத்து வரி. ஒரு கோடு போட்டு அடிச்சிடு. உலகம் அழிஞ்சிடாது."

அடிக்க வழி உண்டு, ஆனால் முறையும் உண்டு. பதிவேட்டில் அழிப்பான் கிடையாது. தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, எழுதியவரே கையெழுத்திட வேண்டும். அவள் பதிவேட்டை மேசைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"காரணம் என்னன்னு எழுதட்டும் சார்? வரலைன்னா?"

இயக்குநர் மேசைமேல் கிடந்த பேனா மூடியை உருட்டினார்.

"வந்தீங்க சார். நான் எண்ணினேன். இந்தப் பத்து வரி பொய்யின்னு ஆனா, பன்னிரண்டு வருஷத்துல நான் எண்ணின ஒரு பூச்சியையும் யாரும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்."

"அப்ப எண்ணவே வேண்டாம்" என்றார் இயக்குநர். அன்று பிற்பகலே உத்தரவு வந்தது: மின்சாரச் சிக்கனத்தை முன்னிட்டு விளக்குப் பொறி மறு உத்தரவு வரை நிறுத்தப்படுகிறது. விளக்கைக் கழற்றிப் பண்டக அறையில் வைத்துப் பூட்டினார்கள். முதல் இரவுக்கான கட்டத்தில் அவள் 'பொறி இயங்கவில்லை: உத்தரவு' என்று எழுதினாள். மறுநாள் இரண்டாவது கட்டத்திலும் எழுதினாள். அன்றைக்குத்தான் பதிவேட்டில் முதன்முதலாக எழுத்து கோணியிருக்கிறது. இன்னும் ஒரு கட்டம் அப்படி எழுதினால் பன்னிரண்டு வருடம் பழைய காகிதம். கணவன் தன்னிடமிருந்த பல்புகளை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, எதையாவது மாட்டிவிடலாம் என்றான். அவள் வேண்டாம் என்றாள். வேறு விளக்கில் வருவது வேறு கணக்கு. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவனும் பல்புகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிவைத்துவிட்டு, சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

உத்தரவு பூச்சிகளை நிறுத்தவில்லை, இயக்குநரையும் நிறுத்தவில்லை. மாடி இருண்டிருந்ததால் முதல் இரவு அவர் முச்சந்தித் தெருவிளக்குக்குப் போனார். இரண்டாவது இரவு மருந்துக்கடைப் பெயர்ப்பலகைக்குப் போனார். அங்கே முட்டை அட்டை கிடையாது, படுக்க இடம் கிடையாது; பல்லிகள் நான்கு குடும்பம் நடத்திவந்தன. மூன்றாம் நாள் காலை பல் மருத்துவர் கையில் ஒரு சின்ன எஃகுத் தட்டோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார். தட்டில், பஞ்சின் மேல், கோட்டின் இடப்பக்க வால் இல்லாமல் இயக்குநர் படுத்திருந்தார்.

"ஏணி போட்டு எடுத்தேன்" என்றார் மருத்துவர், எல்லா மேசைகளுக்கும் கேட்கும்படி. "ஒரு பல்லி இவர் கோட்டைக் கவ்விக்கிட்டு விடமாட்டேங்குது. அதோட பல்லு அத்தனையும் எண்ணிட்டேன். இன்னிக்குக் கோட்டு, நாளைக்குக் கால். எங்கம்மா உன் விளக்கு?"

"நிறுத்திட்டாங்க மேடம்."

"யாரு?"

எழுத்தர் தட்டைப் பார்த்தாள். அலுவலகம் முழுவதும் தட்டைப் பார்த்தது. மருத்துவரும் கடைசியில் தட்டைப் பார்த்தார்; இயக்குநர் இறகால் முகத்தை மூடிக்கொண்டார்.

வளர்ந்து முடிக்கும்வரை மருத்துவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விரல் பேனா பிடிக்கும் அளவுக்கு வந்ததுமே தாளை நீட்டிவிட்டார். அதனால்தான் உத்தரவை ரத்து செய்த உத்தரவில் கையெழுத்து எறும்பு அளவில் இருக்கிறது. அறிவியலின் வளர்ச்சியையும் பொதுமக்களின் விருப்பத்தையும் முன்னிட்டு என்று அதில் காரணம் சொல்லியிருந்தது. பண்டகக் காப்பாளர் சாவியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் ஐந்தரைக்குத்தான் திரும்பினார். எழுத்தரின் கணவன் ஏணியில் நின்று ஒயரை முறுக்க, மருத்துவர் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். அது தன் தொழிலைவிடச் சுலபம் என்றார். சூரியன் மறைய ஆறு நிமிடம் இருக்கும்போது விளக்கு எரிந்தது. அன்றைய பிடிப்பு நூற்றுப் பதினெட்டு அந்துகள், இயக்குநர் ஒன்று, கோட்டு சேதம். தொடர் அறவில்லை.

அதற்குப் பிறகு பதிவேட்டில் எழுத அதிகமில்லை. பன்னிரண்டாம் கோடையின் பட்டியல் அச்சாகி, கடல் கடந்தும் போனது. இயக்குநர் மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்தாலே அறைக்குள் போய்விடுவார். ஏழு கடிதங்கள் வந்தன. ஏழும் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்த ஒரு சாம்பல் நிறச் சின்ன அந்தைப் பற்றிக் கேட்டிருந்தன. அது அந்தப் பிரதேசத்திலேயே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்களாம். அதே பக்கத்தில், அதற்கு அடுத்த வரியில்தான் இயக்குநர் இருந்தார். ஏழு கடிதங்களையும் அவர் தானே வாங்கிப் படித்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்னைப் பத்தி ஒருத்தன்கூடக் கேக்கலையா?" என்றார். நான்காம் வருடம் ஓய்வுபெற்றார். மேடைகள் குறைந்தன, வருகை சீரானது. முதலில் வைத்த பெயர் பிறகு மாறாது என்பது பூச்சியியலில் எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம் என்பதால் பதிவேட்டில் மட்டும் இயக்குநராகவே தொடர்ந்தார். புதிதாக வந்தவர் வெளிச்சம் பட்டால் தும்முகிறவர், ஒருநாளும் அகப்படவில்லை.

இருபதாம் கோடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது மொத்தத் தொகுப்பு அச்சுக்குத் தயாரானது. இதில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே அது அரிதா, சாதாரணமா என்று குறிக்க வேண்டும் என்று அச்சகத்தார் கேட்டிருந்தார்கள். அதை எங்கிருந்தோ கேள்விப்பட்டு, ஒரு முற்பகலில் பழைய இயக்குநர் முழு உயரத்தில், புதிய கோட்டில், எழுத்தரின் மேசைக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாக நின்றுகொண்டே பேசினார்.

"அரிதுன்னு போட்டா என்னம்மா குறைஞ்சிடப்போகுது? வயசான காலத்துல ஒரு சின்ன சந்தோஷம்."

அவளுக்கு அவர்மேல் இப்போது கோபம் ஒன்றும் இல்லை. ஒன்பது கோடையாகத் தினமும் கையில் எடுத்து நிழலில் விடுகிற ஒன்றின்மேல் எத்தனை நாள் கோபம் இருக்க முடியும்? பதிவேடுகளைத் திறந்து, அவருக்கும் தெரியும்படி திருப்பிவைத்து, இருவருமாகக் கூட்டினார்கள். அவர் முதலில் அகப்பட்ட நாளிலிருந்து விளக்கு எரிந்தது அறுநூற்று ஐம்பத்து மூன்று இரவுகள். அவர் வந்தது அறுநூற்று நாற்பத்தொன்று. காப்பிக்கறைகூட அத்தனை இரவு வந்ததில்லை. அவர் ஒருமுறை தானாகக் கூட்டிப் பார்த்தார். அதே தொகைதான் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "சரி, எழுது" என்றார்.

அவள் எழுதினாள்: மிகச் சாதாரணம்.

மறுநாள் காலை அவர் இரண்டாவது அட்டையில், குறட்டை விட்டுக்கொண்டு இருந்தார். மழைக்கு முந்திய புழுக்கம், நல்ல பிடிப்பு, அந்துகள் இருநூற்று ஏழு. எழுப்பாமல் அட்டையோடு தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிச் செடியின் கீழே சாய்த்துவிட்டு, அவள் மூன்றாவது அட்டையை எடுத்தாள்.