காலியாக விடக்கூடாத கட்டங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சருக்கு ஒரு பெருமை உண்டு. காப்பி அடித்த நோட்டு எதுவும் அவர் கையிலிருந்து தப்பாது. இரண்டாவது பக்கம் புரட்டுவதற்குள் மோப்பம் பிடித்துவிடுவார். யாரைப் பார்த்து யார் எழுதியது என்பதையும் கையோடு சொல்லிவிடுவார். பதினாறு வருஷ சர்வீசில் ஒரு தடவைகூடக் கோட்டைவிட்டதில்லை என்று ஆசிரியர் அறையில் அவரே அடிக்கடி சொல்வார். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீ குடிப்பார்கள்.

அந்த வருஷம் உலகத்தில் பசியும் வறுமையும் என்று ஒரு பாடம். புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஒரு வரைபடமும் நாலு அட்டவணையும்தான். பசி அதிகமுள்ள நாட்டுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், வயிறு நிறைந்தவர்களுக்குப் பச்சை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பாடம் மண்டையில் ஏறவேண்டும் என்று உண்மையிலேயே அடித்துக்கொள்கிற மனுஷி அவர். அதனால் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு ஒரு பக்கம், ஏழு நாள், நாளுக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வரவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து, நம் வகுப்பு என்ன நிறம் என்று கண்டுபிடிக்கலாம்.

"மொத்தம் இருபத்தோரு கட்டம். ஒண்ணுகூட காலியா இருக்கக் கூடாது. இருந்தா கட்டத்துக்கு அரை மார்க் கட்" என்றார்.

பசியைப் பற்றிய பாடத்தில் காலிக் கட்டத்துக்கு அபராதம் போடுகிறோமே என்று அவருக்கு உறைக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்திக்கு மட்டும் உறைத்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

அவளை வகுப்பில் குருவி என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள், இருக்கும் இடம் தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவள் நெட்டை. நின்றால் கரும்பலகையின் மேல் விளிம்பைத் தொடுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. பள்ளியில் சத்துணவு கிடையாது; மதிய மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவார்கள். அங்கே என்ன ரகசியமோ என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே கடந்துபோவார்.

நோட்டுகள் வந்துசேர்ந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சோறு, ரொட்டி, முட்டை, வாழைப்பழம், மீண்டும் சோறு. பத்தொன்பதாவதாக வந்த குருவியின் நோட்டில் மூக்கு வேர்த்தது. நெட்டையின் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை இருபத்தோரு கட்டமும் ஒரே மாதிரி. புதன்கிழமைக்கு நேராக இரண்டு பேரும் 'காய்ச்சல், கஞ்சி மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமை நெட்டை வரவில்லை. குருவி வந்திருந்தாள். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டாகிவிட்டது.

மறுநாள் வகுப்பில் இரண்டு நோட்டையும் தூக்கிக் காட்டினார். "கணக்கைக் காப்பி அடிச்சுப் பாத்திருக்கேன், கட்டுரையைக் காப்பி அடிச்சுப் பாத்திருக்கேன். சாப்பாட்டைக் காப்பி அடிச்சு இப்பதான் பாக்கறேன். ஏம்மா, ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா இன்னொருத்தி கஞ்சி குடிப்பாளா? ரெண்டு பேருக்கும் ஒரே வயிறா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கும் தன் பேச்சு ரசிக்கும்படியாகத்தான் இருந்தது. நெட்டை எதையோ சொல்ல எழுந்தாள். குருவி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். காப்பி விவகாரத்துக்கென்று டீச்சர் வைத்திருந்த சட்டம் இரண்டு: கொடுத்தவளையும் எடுத்தவளையும் வேறு வேறு பெஞ்சில் போடவேண்டும், இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். குருவி முதல் பெஞ்சுக்கு வந்தாள். நெட்டை கடைசிக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் குருவிக்கு 'ஒரே வயிறு' என்று புதுப்பெயர் விழுந்துவிட்டது.

குருவியின் அம்மா வரவில்லை. அவள் நாலு கட்டடங்களில் மாடிப்படி கழுவுகிறவள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். நெட்டையின் அம்மா வந்தாள். தையல் கம்பெனியில் அரைநாள் அனுமதி கேட்டு வந்த எரிச்சல் முகத்திலேயே இருந்தது. ஆசிரியர் அறையில் இரண்டு பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். டீச்சர் நோட்டுகளை மேஜையில் விரித்து, புதன்கிழமையைச் சுட்டிக்காட்டி, சாட்சி சகிதமாக விளக்கினார்.

நெட்டைக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவ காப்பி அடிக்கல டீச்சர். நான்தான் எழுதச் சொன்னேன். மதியம் அவ என் டப்பாலதான் சாப்பிடறா. நான் என்ன சாப்பிட்டேனோ அதைத்தான் அவளும் சாப்பிட்டா. காலையிலயும் ராத்திரியும் எழுதறதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்ல. காலியா விட்டா நீங்க மார்க் குறைப்பீங்கல்ல, அதான் என்னோடதையே எழுதிக்கோன்னு சொன்னேன்."

"புதன்கிழமை?" என்று டீச்சர் கேட்டார். கேட்டிருக்கவேண்டாம். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

குருவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு இவ வரல டீச்சர்."

 டீச்சருக்குக் காது இரண்டும் சுட்டது. தான் மண்டையில் ஏற்றத் தவித்த பாடம் மூன்று வருஷமாக மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி நிறுத்தி, ஊர் சிரிக்க வைத்திருக்கிறார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

முதலில் வாயைத் திறந்தது நெட்டையின் அம்மா.

"அதானே பாத்தேன்! பொண்ணு நாளுக்கு நாள் இளைச்சிக்கிட்டே போறாளேன்னு டாக்டர்கிட்டகூடக் காட்டினேன். டப்பா காலியாத்தான் வருது, உடம்புல ஒட்டலையேன்னு பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். எத்தனை வருஷமாடி இது?"

"இந்தப் பிள்ளைக்கு வேற வழி இல்லீங்க" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"எனக்கு மட்டும் இருக்கா டீச்சர்? வீட்ல மூணு பேருக்கு அளந்து போடறேன். எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டு நான் சட்டியை வழிச்சிச் சாப்பிடறேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல. இந்தப் பொண்ணைப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது. ஆனா என் பொண்ணோட சோத்தை நான் எப்படிக் கொடுக்கச் சொல்றது, நீங்களே சொல்லுங்க."  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தனித்தனியா உக்கார வெச்சிருக்கீங்கல்ல, அப்படியே இருக்கட்டும். மதியத்துலயும் கொஞ்சம் பாத்துக்கங்க."

டீச்சரால் அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பு என்று அடிக்க முடியவில்லை. மூன்று வருஷம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நடந்துவந்த ஒரு வேளைச் சாப்பாட்டை, கால் மணி நேரத்தில் அவரே கண்டுபிடித்து அவரே நிறுத்திவைத்தார்.

மறுநாள் டீச்சர் இரண்டு டப்பா கொண்டுவந்தார். மதியம் குருவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள் குருவி.

"எங்கே சாப்பிட்டே? மணி இப்பதானே அடிச்சுது?"

"காலையிலயே நல்லா சாப்பிட்டேன் டீச்சர். பசிக்கல."

ஜன்னலுக்கு வெளியே 'ஒரே வயிறு, ஒரே வயிறு' என்று யாரோ பாடிக்கொண்டு ஓடினார்கள். டீச்சர் எழுந்துபோய் அதட்டிவிட்டு வந்தார். அதற்குள் குருவி போய்விட்டிருந்தாள். மூன்று நாள் இப்படியே நடந்தது. மூன்று நாளும் இரண்டாவது டப்பா திறக்காமல் வீட்டுக்குத் திரும்பியது. நாலாவது நாள் குருவி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. டீச்சர் பாடத்தை முடித்தார், எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. வகுப்பின் நிறம் என்ன என்று ஒருவன் கேட்டதற்கு, உட்காரடா என்று எரிந்துவிழுந்தார்.

மூன்று வாரம் கழித்து, நாலு தெரு விசாரித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். கடையின் பின்பக்கம் குழாயடியில் குருவி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வகுப்பில் எழுவது போலவே எழுந்து நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது.

டீச்சர் வழி நெடுகப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். பாதிதான் வாயில் வந்தது. "என்னை மன்னிச்சிடும்மா."

"ஐயோ, என்ன டீச்சர் நீங்க!"

"நாளையிலேர்ந்து வா. மதியச் சாப்பாடு என் பொறுப்பு. தினமும். ஒருத்தருக்கும் தெரியாது, சத்தியம்."

குருவி கை நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இங்க ரெண்டு வேளை போடறாங்க டீச்சர். சாயங்காலம் மிச்சத்தை அம்மாவுக்கும் தம்பிக்கும் கட்டித் தராங்க. தம்பி இப்பெல்லாம் வகுப்புல தூங்கறதே இல்லையாம், அவங்க சார் சொன்னாராம்."

அப்போதுதான் டீச்சர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்து ஏறாத சதை, மூன்று வாரம் எச்சில் தட்டு கழுவியதில் ஏறியிருந்தது. பதினாலு வயசு நிறையாத பிள்ளை, இங்கே இருக்கக் கூடாது. அது டீச்சருக்கும் தெரியும், சட்டத்துக்கும் தெரியும். ஒரு புகார் எழுதிப் போட்டால் கடைக்காரர் நாளைக்கே இவளை அனுப்பிவிடுவார். அதன்பிறகு அந்த மூன்று பேரும் ராத்திரிக்கு என்ன செய்வார்கள்?  பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து தட்டு கேட்டு ஒரு குரல் வந்தது. குருவி உட்கார்ந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"நெட்டை எப்படி இருக்கா டீச்சர்?"

"இருக்கா. இப்பவும் தொட்டிக்குப் பின்னாலதான் போய் உக்காந்துக்கறா. டப்பால பாதியை அப்படியே திருப்பிக் கொண்டு போறாளாம். அவங்க அம்மா வந்து சொல்லி அழறாங்க."

குருவியின் கை நின்றது. வகுப்பில் வைத்துச் சிரித்தபோதுகூட அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்தது.

"வீணாக்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். நான் இங்க நல்லா சாப்பிடறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் டீச்சர். வா என்று இன்னொரு தடவை கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. கழுவி வைத்த தட்டுகளை எடுத்துப்போக ஆள் வந்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.