தலைமாடு

முறத்திலிருந்த மல்லியை மைமூன் மூன்றாவது தடவையாகப் புடைத்துக்கொண்டிருந்தபோது கொல்லைப் படல் திறந்தது. வந்தவள் செல்லம்மாள். சந்தையில் இரண்டு முறை எதிரே வந்திருக்கிறாள். இரண்டு முறையும் மைமூன் பார்க்காத மாதிரி நகர்ந்திருக்கிறாள். அக்கா குல்சும் பதினேழு வருஷத்துக்கு முன்னால் யாரோடு போனாளோ, அந்தச் சென்னப்பனின் தங்கை.

"வெடியக்காலம் உங்க அக்கா போயிட்டாங்க," என்றாள் செல்லம்மாள். "அண்ணன் எங்க காட்டுலயே குழி வெட்டிக்கிட்டிருக்குது. உங்க பள்ளிவாசல்ல எடம் குடுக்க மாட்டாங்கன்னு எங்களுக்கும் தெரியுமுங்க."

மைமூனின் விரல்களுக்கிடையில் ஒரு மல்லி நசுங்கியது.

"தங்கச்சி கையால குளுப்பாட்டோணும்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

குல்சும் வீட்டை விட்டுப் போன அந்த வாரமே ஜமாத் அவள் பெயரை வெட்டியது. பெயரை வெட்டினால் ஆள் இல்லாமல் போய்விடுவாள் என்று நினைப்பு. அவள் பாட்டுக்குக் கேழ்வரகு விதைத்தாள், தக்காளி போட்டாள். ரமலானில் ஒரு நோன்பு விடவில்லை என்று பாலக்கோடு மண்டியில் பேசிக்கொண்டார்கள். பசித்திருப்பதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லையே.

புருஷன் தாவூது சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் ஜமாத்தில் உறுப்பினர். குரலை உயர்த்தவில்லை.

"போவாதேன்னு நான் சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவ. ஆனா வெள்ளிக்கெழம அஜரத்து வந்து நிக்கா ஓத மாட்டேன்னுட்டா, அதை ஜுலைகாகிட்ட நீயே சொல்லிக்க."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனிதர்தான். அடித்துத் தடுக்கிறவனைக்கூட மீறிவிடலாம், நல்லவனை மீறுவதுதான் கஷ்டம்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மைமூனுக்கு ஆடத்தான் செய்தது. ஆனால் உள்ளறையில் மருதாணிக் கையை விரித்துவைத்து உட்கார்ந்திருந்த மகள் ஜுலைகாவும் அவள் சதைதானே?

எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அத்தா ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த கஃபன் துணி மூன்று கொண்டுவந்தார். ஒன்றில் அவரையே பொதிந்தாயிற்று. ஒன்று மைமூனுக்கு. மூன்றாவது யாருக்கென்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த மூன்றாவதை எடுத்துவந்து செல்லம்மாள் கையில் வைத்தாள்.

"நான் வர முடியாது. சொல்றேன், நீயே பண்ணு. மனசுல வாங்கிக்க."

செல்லம்மாள் முகத்தில் ஏதோ வந்து போனது. "சொல்லுங்க," என்றாள்.

"எலந்த எல போட்டுக் காய்ச்சுன தண்ணி. மொதல்ல வலப்பக்கம், அப்பறம் எடப்பக்கம். மூணு தடவ. கடைசித் தண்ணியில சூடம் கரைச்சுக்க. ஒடம்பத் தொறந்து போட்றாத, மேல ஒரு துணி கெடக்கட்டும். முடிய ரெண்டாப் பின்னி நெஞ்சு மேல போடு. குழியில மல்லாக்கப் போடாத, வலப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வையி."

செல்லம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. மைமூனுடைய அம்மாவைக் குளிப்பாட்டிய சொந்தக்காரிகள்கூட இத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

அவள் போனதும் மைமூன் மல்லியை வறுத்தாள். மிளகாயை வறுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் மிளகாய் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே பாய். கோபம் வந்தால் குல்சும் சண்டை போடமாட்டாள், முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். மைமூன் அவள் தோளில் கையைப் போட்டு இழுத்துத் திருப்பிவிடுவாள். திருப்பினால் அக்கா சிரித்துவிடுவாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் செல்லம்மாள் மறுபடி வந்தாள். முழங்கால்வரை செம்மண். மீந்த சூடத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாம் நீங்க சொன்னாப்பலயே பண்ணிட்டனுங்க. முடி இன்னும் அத்தன நீளம், ரெண்டு பின்னலும் இடுப்புக்கு வந்துது. வலப்பக்கந்தான் சாச்சோம். நல்லா மொகத்துல வெயிலு பட்டுது."

சூடத்தை வாங்க நீண்ட மைமூனின் கை நின்றது.

"எப்ப வெச்சீங்க?"

"காலையிலயே. பத்து மணி இருக்குமுங்க."

"தல எந்தப் பக்கம்?"

"தெக்காலதானுங்க." செல்லம்மாள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வடக்கால யாராச்சும் தல வெப்பாங்களா?"

மைமூன் தன் உள்ளங்கையை மல்லாத்தி, விரல்நுனியைத் தெற்கே வைத்து, வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கை கிழக்கே பார்த்தது. மனதுக்குள் தலைமாட்டை வடக்கே திருப்பினாள். மேற்கு. தொழுகையானாலும் குழியானாலும் முகம் பார்க்க வேண்டிய திசை. தலையை வடக்கே வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. அதை ஒருத்திக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கூட நின்றிருந்தால் சொல்லவும் வேண்டியிருந்திருக்காது, கையே செய்திருக்கும்.

"ஏனுங்க, தப்பாயிடுச்சுங்களா?"

செல்லம்மாளின் நகக்கண்களில் மண் இருந்தது. அக்காவைத் தொட்ட கை.

"இல்ல," என்றாள் மைமூன். "நல்லாத்தான் பண்ணியிருக்க."

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த தாவூது பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். மைமூன் கைகால் முகம் கழுவி உளூச் செய்து, உள்ளறையில் பாயை விரித்து, மேற்கே பார்த்து நின்றாள். குனிந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தாள். வலமும் இடமும் சலாம் கொடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

பந்தல்காலுக்குக் குழி தோண்டும் சத்தம் வாசலில் கேட்டது. அவளுடைய கை பாயின் ஓரத்துக்குப் போய், எதையோ பிடித்துத் திருப்புகிற மாதிரி ஒருமுறை அசைந்து, வெறும் கோரையின் மேல் கிடந்தது.