எட்டாவது கேள்வி

காலை ஒன்பது மணிக்கு ஸ்கேல் சார் கிழக்கு நகர அரசு மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தார். மணி பலமுறை அடித்து ஓய்ந்து, இரண்டாம் தடவைதான் யாரோ எடுத்தார்கள். கண்காணிப்பாளர் இல்லை, எழுத்தர் இன்னும் வரவில்லை, பேசுவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று தெரிந்தது.

உங்களிடம் உள்ள ஏழு ஆம்புலன்ஸும் ஓடுகின்றனவா என்று கேட்டார். 

"ஏழா? சார், நீங்க எந்த வருஷத்திலேருந்து பேசுறீங்க?"

பிறகு அந்த ஓட்டுநர் நிதானமாக விவரம் சொன்னார். ஏழில் ஐந்து, கொட்டகையில் செங்கல் மேல் நிற்கின்றன. ஒன்றின் சக்கரத்தைக் கழற்றித்தான் இன்னொன்று ஓடுகிறது. இரண்டே இரண்டு வண்டிகள். போன வாரம் இரண்டும் வெளியே போயிருந்தபோது ஒரு பிரசவக் கேஸ் வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம். பால்தான் தாமதமாகப் போனது.

ஸ்கேல் சார் சிரிக்கவில்லை. ரிசீவரை வைத்தார்.

சுகாதாரத் துறைச் செயலகத்தில், சட்டமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர் சொல்ல வேண்டிய பதிலை எழுதித் தருவது அவருடைய பிரிவு. பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவதாலும், கோப்பில் ஒரு கோடு போடுவதென்றால்கூட அடிஸ்கேல் வைத்தே போடுவதாலும் அந்தப் பேர் வந்தது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. கேலிக்கு உள்ளே கொஞ்சம் மரியாதையும் இருப்பது அவருக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் அதே பிரிவில் தலைமை எழுத்தராக இருந்தவர். 'அந்தக் குடும்பத்தார் எழுதிய பதில் சபையில் ஒரு நாளும் தலைகுனிந்ததில்லை' என்று மூன்று அமைச்சர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அன்றைய பட்டியலில் எட்டாவது கேள்வி அவருடைய துறைக்கு வந்தது. மூன்று பகுதிகள். அரசு மருத்துவமனைகளில் எத்தனை ஆம்புலன்ஸ்கள் உள்ளன. அவற்றில் எத்தனை ஓடுகின்றன. ஆம்புலன்ஸ் இல்லாமல் நோயாளியை வேறு வண்டியில் அனுப்பிய சம்பவம் உண்டா. அவர் எழுதி, கையெழுத்திட்டு, அச்சுக்கும் போய்விட்ட பதில் இது: நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றும், அத்தகைய தகவல் எதுவும் பெறப்படவில்லை.

கேள்வி வந்தால் எல்லா மருத்துவமனைகளுக்கும் கடிதம் போகும். குறித்த நாளுக்குள் பதில் வராத இடத்தில் மாற்றம் ஏதும் இல்லை என்று கொண்டு, பழைய எண்ணையே எழுதுவது அந்தப் பிரிவின் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் அப்பா. அவர் கைப்பட எழுதிய சுற்றறிக்கை இன்றும் ஸ்கேல் சாரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அப்பா காலத்தில் கடிதத்துக்குப் பதில் போடாத மருத்துவமனை கிடையாது. அப்போது அந்த விதி பொருந்தியது. கிழக்கு நகரம் மூன்று கூட்டத்தொடராகப் பதிலே போடவில்லை என்பதை நேற்று மாலைதான், துணைக் கேள்விகளுக்கான குறிப்பு எழுதும்போது, அவர் கவனித்தார். இரவு முழுக்க அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இதற்கு மேல் ஒன்று உண்டு. கேள்வி கேட்ட உறுப்பினர் கிழக்கு நகரத் தொகுதிக்காரர். ஸ்கேல் சாரின் கூடப்பிறந்த தங்கையின் கணவர்.

நாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பத்து பேர் முன்னால், மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னார்: "மச்சான், உங்க ஆபீசுல பதில் எழுதுறதில்ல. பழைய பதிலுக்குப் புதுத் தேதி போடுறீங்க." எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். ஸ்கேல் சார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். சொன்னது தன்னை மட்டும் என்றால் பொறுத்திருப்பார். அந்த மேஜைக்கு எதிர்ச் சுவரில்தான் அப்பாவின் படம் மாட்டியிருந்தது.

தொலைபேசியை வைத்ததும், துறைச் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பியவர், அமைச்சரின் அறை வாசலில் நின்றார். கதவு திறந்திருந்தது. செயலாளர் அம்மா பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எட்டாவதைப் படித்த அமைச்சர், நாற்பத்தொன்றும் ஓடுகிறது என்றால் இதைவிட நல்ல பதில் வேண்டுமா என்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவே போய் நிற்க ஸ்கேல் சாருக்குக் கால் வரவில்லை. எட்டாவது கேள்விதானே, ஒரு மணி நேரத்தில் ஏழு வந்தாலே பெரிய காரியம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பத்து மணிக்குச் சபை கூடியது. கேள்வி நேரம் பதினொரு மணி வரை. மேலே அதிகாரிகள் மாடத்தில் அவரும் செயலாளர் அம்மாவும் அருகருகே உட்கார்ந்தார்கள். கீழே அமைச்சருக்கு ஏதாவது விவரம் தேவைப்பட்டால் இங்கிருந்து சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நரைத்த தலையுடன் ஒரு பெண் ஊழியர் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்க் கொடுப்பார். எந்தச் சீட்டும் செயலாளர் கண்ணில் படாமல் போகாது.

முதல் கேள்வியே பதினைந்து நிமிஷம் இழுத்தது. ஸ்கேல் சாருக்கு மூச்சு சீரானது. இரண்டாவதும் நீண்டது. பத்து முப்பதுக்கு மூன்றாவது முடிந்தது. நான்கு என்றார் அவைத் தலைவர். கேட்டவர் சபையில் இல்லை. ஐந்து என்றார். அவரும் இல்லை. ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள் போய்விட்டன.  ஆறு தொடங்கியபோது மணி பத்து முப்பத்திரண்டு.

எதிர்வரிசையில் மாப்பிள்ளை மடியில் ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறை தடிப்பாக இருந்தது. உள்ளே படங்கள் இருக்கும் என்பதை ஸ்கேல் சார் பார்த்தவுடனே ஊகித்தார். செங்கல் மேல் நிற்கும் வண்டி. பால் வண்டி.

அவர் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். 'எட்டாவது பதிலில் எண் தவறு. ஓடுபவை 41 அல்ல, 36. மூன்றாம் பகுதியும் தவறு.' எழுதி நான்காக மடித்தார். ஊழியர் அம்மா அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து கை நீட்டினார். கொஞ்சம் இருங்கள் என்றார் இவர்.

இந்தச் சீட்டு அமைச்சர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவர் மனசு ஓடியது. முதலில் செயலாளர் படிப்பார். எப்போது தெரியும் என்பார். காலையிலேயே தெரியும் என்றால், ஏன் சொல்லவில்லை என்பார். எண் எப்படித் தவறியது என்றால் அப்பாவின் சுற்றறிக்கையைக் காட்ட வேண்டும். கேள்வி கேட்டவர் யார் என்பதும் செயலகத்தில் எல்லாருக்கும் தெரியும். மச்சானும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு அமைச்சரைக் கவிழ்த்தார்கள் என்று மத்தியானத்துக்குள் கேன்டீனில் பேசுவார்கள். சீட்டு போகாவிட்டால், அமைச்சர் நாற்பத்தொன்று என்பார். அடுத்த நொடி அந்த உறை திறக்கும். சபையில் பொய் சொன்ன அமைச்சர். பொய்யை எழுதிக் கொடுத்த குடும்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா பேர்தான் தெருவுக்கு வரும்.

பத்து நாற்பத்தாறுக்கு ஏழாவது கேள்வி வந்தது. பாலங்கள் பற்றியது. கேட்டவர், அதிகாரிகள் மாடத்தில் 'தொடர்கதை' என்று பேர் வாங்கிய உறுப்பினர். ஒரு துணைக் கேள்வி கேட்டால் அதற்குள் ஒன்பது வரும். அவர் வாயைத் திறந்தாலே முகம் சுளிக்கிற ஸ்கேல் சாருக்கு இன்று அந்தக் குரல் காதில் தேனாக விழுந்தது. பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று உதடு முணுமுணுத்தது. ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்கு அவர் நிதானமாகத் தாவினார். பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தைந்து.

ஊழியர் அம்மா மறுபடியும் வந்தார். "சார், சீட்டு குடுக்கணுமா, வேணாமா?"

"இருங்கம்மா, சொல்றேன்."

"நான் எவ்வளவு நேரம் வேணா இருப்பேன். மணிதான் இருக்காது."

பத்து ஐம்பத்தொன்பதுக்குத் தொடர்கதை உட்கார்ந்தார். எட்டு என்றார் அவைத் தலைவர். மாப்பிள்ளை உறையோடு எழுந்தார். அமைச்சரும் தாளைப் பிரித்தபடி எழுந்தார்.  ஸ்கேல் சாரின் விரல்களுக்கு நடுவே சீட்டு வியர்வையில் ஊறிப் பஞ்சாகியிருந்தது.

மணி அடித்தது.

கேள்வி நேரம் முடிந்தது என்று அவைத் தலைவர் அறிவித்தார். எஞ்சிய கேள்விகளுக்கான பதில்கள் அச்சில் உள்ளபடியே சபையில் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மாப்பிள்ளை நின்றபடியே ஒரு நிமிஷம் தரும்படி கேட்டார். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். உட்காரச் சொன்னார்கள்.

செயலாளர் அம்மா கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். "நம்மளுது தப்பிச்சுது. இன்னிக்கு நிம்மதி."

ஸ்கேல் சார் காலையிலிருந்து வேண்டிக்கொண்டது அப்படியே நடந்துவிட்டது. நெஞ்சில் கல் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அச்சில் உள்ளபடியே என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. நாற்பத்தொன்றும் ஓடுகின்றன என்பது இனிமேல் சபையின் பதிவு. அடுத்த தடவை யாராவது கேட்டால், பதில் வராத இடத்துக்கு அந்த எண்ணையே தன் பிரிவு மறுபடி எடுத்து எழுதும். அதற்கடுத்த தடவையும் எழுதும். செங்கல் மேல் நிற்கிற ஐந்து வண்டிகளும் காகிதத்தில் என்றென்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

படியிறங்கித் தாழ்வாரத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை எதிரில் வந்தார். விலகிப் போக இடம் இருந்தது. இருவரும் விலகவில்லை. மாப்பிள்ளையின் முகம் சிவந்திருந்தது.

"இந்தத் தடவை தேதியையாவது மாத்தினீங்களா மச்சான்?"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. ஸ்கேல் சாரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. பதிலுக்குச் சுடச்சுட ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"தேதிய மட்டும்தான் மாத்தினேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு என்று சேர்த்து வைத்திருந்த மூச்செல்லாம் போய், உறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, இந்தப் படங்களை நாளைக்குப் பத்திரிகையில் கொடுப்பதாக இருந்தேன் என்றார், கேட்பதா சொல்வதா என்று தெரியாத குரலில்.

"குடுங்க. உங்க தொகுதி, உங்க கடமை. ஆனா அதுக்கு முன்னாடி எங்க ஆபீசுலேருந்து சபைக்கு ஒரு காகிதம் போயிருக்கும்."

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தங்கையைப் பற்றிக் கேட்க நினைத்தது பத்தடி போன பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் அம்மாவின் அறையில் அவர் உட்காராமலே சொன்னார். பதில் தவறு, காலை ஒன்பது மணியிலிருந்து எனக்குத் தெரியும், சீட்டு எழுதினேன், கொடுக்கவில்லை. ஊறிப்போன சீட்டை மேஜை மேல் வைத்தார். அந்த அம்மா அதைப் பிரித்துப் படித்தார்.

"யாருமே கேக்கலையே. எதுக்கு இப்ப கிளறணும்?"

"கேட்டவர் எழுந்து நின்னாரு மேடம். மணி அடிச்சிருச்சு, அவ்வளவுதான்."

"அவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர். வெளியில என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

காலையிலிருந்து அதை மட்டும்தான் யோசித்தேன், அதனால்தான் இந்தச் சீட்டு இங்கே கிடக்கிறது என்றார் அவர். திருத்த அறிக்கை எழுதி வாருங்கள், அமைச்சரிடம் நான் பேசுகிறேன் என்றார் அந்த அம்மா. அமைச்சர் ஒத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, ஒத்துக்கொண்டாலும் உங்கள் நாற்காலி நிலைக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஸ்கேல் சார் தன் இடத்துக்கு வந்து திருத்த அறிக்கைப் படிவத்தை எடுத்தார். சரியான எண் என்ற இடத்தில் முப்பத்தாறு என்றும், பிழைக்குப் பொறுப்பான அலுவலர் என்ற இடத்தில் தன் பதவியையும் எழுதினார்.  பிழைக்குக் காரணம் என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. கடைசியில் மேஜைக் கண்ணாடியை ஓரமாகத் தூக்கினார். பழுப்பேறிய தாள் மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்கேலை அடியில் செருகி, அப்பாவின் கையெழுத்து கிழிந்துவிடாமல், அங்குலம் அங்குலமாகப் பெயர்த்தார். அதன் மூலையில் 'இணைப்பு 1' என்று எழுதினார். இந்த நடைமுறையை நிறுத்தும்படி பரிந்துரைக்கிறேன் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். 

கையெழுத்துப் போடும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. கிழக்கு நகர ஓட்டுநர்.

"சார், காலையில கேட்டீங்களே, ரெண்டு ஓடுதுன்னு சொன்னேன். இப்ப ஒண்ணு வழியில நின்னுருச்சு. ஒண்ணுதான் ஓடுது. எழுதிட்டீங்கன்னா திருத்திக்குங்க."

உள்ளே நோயாளி இருந்தாரா என்று கேட்டார் ஸ்கேல் சார்.  

இருந்தார் என்றார் ஓட்டுநர். மீதி ஒரு வண்டி அவரை எடுக்கப் போயிருக்கிறது. இன்னும் போய்ச் சேரவில்லை.

ஸ்கேல் சார் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், ஸ்கேலை வைத்து முப்பத்தாறின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு கோணியது. பக்கத்தில் முப்பத்தைந்து என்று எழுதினார்.

"போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்க," என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."